மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லையா? வயிற்றில் நடக்கும் தவறுகள்

முருங்கைக் கீரை, பேரீச்சை, தினம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை. மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது: "கேஸ் மாத்திரை போடுகிறீர்களா?"

கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு கரைவதற்கு இரைப்பையின் அமிலம் வேண்டும். கரைந்தால்தான் அடுத்துள்ள சிறுகுடலின் தொடக்கப் பகுதி அதை உறிஞ்சும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற கேஸ் மாத்திரைகள் அந்த அமிலத்தையே அடக்கிவிடுகின்றன. ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிப் போடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. அதற்காக இன்றே நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்பிரின் சாப்பிடும் இதய நோயாளிகளுக்கு இந்தக் கேஸ் மாத்திரை இரைப்பைக்குக் காவல். "இன்னும் தேவையா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொரு காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. 1982-ல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டறிந்தது. 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பையின் உட்சுவரை இது புண்ணாக்கும், நாளடைவில் அமிலச் சுரப்பையும் குறைக்கும். மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆனால் கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டே பரிசோதித்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். வழக்கமாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோடு விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாறு நல்லது. குமட்டுகிறது என்று பாதியில் விட்டுவிடவும் வேண்டாம். ஒரு வேளை போட்டதும் உடலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, அடுத்த வேளை மாத்திரைக்குக் குடலின் கதவைச் சாத்துகிறது. அதனால் சிலருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தாலே போதுமாகிறது, வயிறும் தாங்குகிறது. கர்ப்பிணிகள் தாங்களாக மாற்றிக்கொள்ளக் கூடாது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறு. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மூட்டுவலி மாத்திரையால் வந்த புண்ணாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்துடன் போனால் அது ரத்தம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.