அடிஷாம் பங்களாவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் இலங்கை மலையகத்து அப்புத்தளை ஸ்டேஷனில் இறங்கிய நாலு பையன்கள் என்னிடம் வந்தார்கள். "அண்ணே, அடிஷாம் பங்களாவுக்கு ஓட்டோ எவ்வளவு எடுப்பாங்க?" வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய பழைய கல் வீடு அது. அன்று செவ்வாய்க்கிழமை. எனக்குப் பழைய எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு பல தடவை அங்கே போயிருக்கிறேன். செய்யக்கூடிய தவறுகளில் பாதியை நானே செய்தவன். குடை, ஸ்வெட்டர் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

கிழமை பார்க்காமல் கிளம்புவது

சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை), பொது விடுமுறை. வழக்கமாக இந்த நாட்களில்தான் பார்வையாளரை விடுவார்கள். இது தெரியாமல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமா குடும்பத்தை ஒரு புதன்கிழமை கூட்டிப் போனேன். வேனுக்கு முழு நாள் வாடகை பேசியாயிற்று. மாமி விடியற்காலையிலேயே எழுந்து கட்டிச்சோறு கட்டியிருந்தார். கேட் பூட்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த சின்னவன், "இதுதானா பங்களா?" என்றான். மாமா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதோடு விட்டேனா? கேட்டில் இருந்தவரிடம், "தூரத்திலிருந்து வந்திருக்காங்க, அஞ்சு நிமிஷம்" என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டி மறுத்ததும் முணுமுணுத்துக்கொண்டே வேனில் ஏறினேன். 1960களிலிருந்து அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. அவர்கள் அங்கேயே வாழ்கிறார்கள், ஜெபிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். அடுத்தவர் வீட்டுக் கதவை வேலை நாளில் தட்டிவிட்டு, திறக்கவில்லை என்று கோபித்துக்கொண்டவன் நான். இன்றைக்கும் யாராவது "கேட்டில பேசிப் பார்க்கலாமே, கையில ஏதாவது வைச்சா விடுவாங்க" என்றால் எனக்குச் சுர்ரென்று ஏறும். காலண்டரைப் பாருங்கள், முதல் நாளே போன் செய்து கேளுங்கள். வார நடுவில் போயா வந்தால் திறந்திருக்கும்தான், ஆனால் கூட்டம் தாங்காது.

வீடு முழுவதையும் எதிர்பார்ப்பது

தேயிலைக் கம்பெனித் தலைவராக இருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய வீடு இது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தின் பெயரை வைத்தார். அதே கென்ட்டில் இருக்கும் லீட்ஸ் கோட்டைதான் கட்டடத்துக்கும் மாதிரி. உள்ளே காட்டுவது வரவேற்பறையும் நூலகமும் மட்டுமே. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். "இவ்வளவுதானா" என்று நேரே வேனில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வெளியே நின்று சுவரைப் பாருங்கள், ஒவ்வொன்றும் கையால் செதுக்கிய கருங்கல். கூரையில் ஓடு மாதிரித் தெரிவது ஓடல்ல, பர்மாத் தேக்கு வில்லைகள். அப்புறம் பூந்தோட்டத்தை நிதானமாக ஒரு சுற்று. பக்கத்திலேயே தங்கமலைக் காடு, பறவைகள் சரணாலயம். பேச்சைக் குறைத்தால் சத்தமாவது கேட்கும்.

உள்ளே போட்டோ எடுப்பது

கூடாது.

மத்தியானத்துக்கு மேல் போவது

பனிமூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.

போன ஓட்டோவிலேயே திரும்புவது

டவுனிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர்தான். ஏறும்போது ஓட்டோ, இறங்கும்போது நடை. வழியெல்லாம் தேயிலை. (எங்கள் பக்கம் 'தோட்டம்' என்றால் தேயிலைத் தோட்டம்தான், பூச்செடியைப் பார்க்க வேண்டுமென்றால் 'பூந்தோட்டம்' என்று கேளுங்கள்.) என் பாட்டி கொழுந்து பறித்த காலத்தில் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஒரு குடும்பத்துக்கு 10 அடிக்கு 12 அடியில் ஓர் அறை. துரையின் நூலகத்தில் நிற்கும்போதெல்லாம், அதற்குள் அப்படி எத்தனை அறை அடங்கும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருப்பேன்.

ஜாமைக் கடைசிக்கு வைப்பது

துறவிகள் செய்யும் ஸ்ட்ரோபெரி ஜாமும் நெல்லிக் கோர்டியலும் (தண்ணீர் கலந்து குடிக்கும் பழப்பாகு) அங்குள்ள கடையில் கிடைக்கும். திரும்பும்போது வாங்கலாம் என்று விட்டால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், சில நாள் தீர்ந்தும் போய்விடும். அடுத்த தடவை போனபோது மாமாவுக்கு இரண்டு போத்தல் வாங்கி அனுப்பினேன். போன் எடுத்தார். "ஜாம் நல்லாயிருக்கு தம்பி. என்ன கிழமை வாங்கினனீ?"