புது லேப்டாப்போடு வரும் வேண்டாத சீதனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி திறக்கும் நேரத்தில், பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளுக்குப் புது லேப்டாப் வந்து இறங்கியது. மூன்றும் ஒவ்வொன்றாக என் மேசைக்கு வந்தன. கணினி பழுது பார்ப்பவன் பக்கத்து வீட்டில் இருந்தால் கட்டணம் ஒரு டம்ளர் காப்பிதானே. அவற்றில் ஒரு வீட்டில், நான் 2016-இல் செய்த அதே கூத்தை அச்சு மாறாமல் செய்திருந்தார்கள். லேப்டாப்பில் கேட்காமலே ஏற்றி அனுப்பும் மென்பொருள்களை விரட்டப் போன கூத்து அது. அந்த எரிச்சலில் எழுதுகிறேன்.

பாஸ்வர்டு வையுங்கள், கண்ட இணைப்பையும் அழுத்தாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

‘ஃபார்மட் போட்டுக் கொடுங்கள்’ என்று கடையில் கொடுப்பது

2016-இல் நான் கணக்கு எழுதும் வேலையில் இருந்தேன். மிச்சம் பிடித்து வாங்கிய முதல் லேப்டாப். திறந்தால் முப்பது நாள் வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று, கடன் கொடுத்தவன் மாதிரி மூலையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. கூடவே இரண்டு விளையாட்டு, மூன்று ஷாப்பிங் தளங்களின் படக்குறி, புகைப்பட ஆல்பம் ஒன்று. எதையும் நான் கேட்கவில்லை. கணினி விற்பனையில் லாபம் மெலிந்தது. இவற்றைப் போட்டு அனுப்புவதற்கு மென்பொருள் நிறுவனங்கள் தயாரிப்பாளருக்குப் பணம் தருகின்றன. நம் திரையின் மூலைதான் அங்கே வாடகைக்குப் போகிறது.

பெங்களூரின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் கன்னடத்தில் ஆரம்பித்து, என் கன்னடத்தைக் கேட்டு இரக்கப்பட்டுத் தமிழுக்கு மாறினார். “எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுவிடலாம் சார், ஐநூறு ரூபாய். இதில் இருப்பது விண்டோஸ் ஹோம். நான் ப்ரோ போட்டுத் தருகிறேன்.” விண்டோஸின் உயர்ந்த பதிப்பான, ஆயிரக்கணக்கில் விலையுள்ள ப்ரோ ஐநூறுக்கு எப்படி வரும் என்று கணக்கு எழுதுகிறவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஒரு மணி நேரத்தில் பளிச்சென்று திரும்பி வந்த திரையைப் பார்த்து மகிழ்ந்துபோனேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில், என் மின்னஞ்சலிலிருந்து எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் ஓர் இணைப்பு போயிருந்தது. எங்கள் மேலாளருக்கும்தான். அவர் அதை அழுத்தியும் பார்த்திருந்தார்.

அன்றுதான் உள்ளே நோண்ட ஆரம்பித்தேன். அமைப்புகளில் ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தைத் திறந்தால், உங்கள் நிறுவனத்தின் சேவை வழியாக விண்டோஸ் செயல்படுத்தப்பட்டுள்ளது என்ற பொருளில் ஒரு வரி. எந்த நிறுவனம்? நான் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்குத் தனித்தனியாக லைசன்ஸ் எண் போடாமல், தங்களுக்குள்ளேயே ஒரு சர்வர் வைத்து ஒப்புதல் கொடுக்கும் முறை அது. ஒப்புதல் 180 நாள் செல்லும், கணினி அவ்வப்போது சர்வரைக் கேட்டு அதைப் புதுப்பித்துக்கொள்ளும். கடைக்காரர் போட்ட கிராக் (லைசன்ஸ் இல்லாமலே விண்டோஸை ஏமாற்றி ஓட்டும் கள்ள மென்பொருள்), அப்படி ஒரு போலி சர்வரை என் லேப்டாப்புக்குள்ளேயே குடிவைத்திருந்தது. அது பிழைத்திருக்க வேண்டுமானால் விண்டோஸின் சொந்தக் காவலாளியான டிஃபெண்டர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். டிஃபெண்டரில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று ஒரு பட்டியல் உண்டு, இந்த இடங்களைச் சோதிக்காதே என்று சொல்வதற்கு. அதில் சி டிரைவ் முழுவதையும் சேர்த்திருந்தார் மகராசன். ஆறு மாதம் என் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்திருக்கிறது. விளம்பரத்தைத் துரத்தப் போய்க் கள்ளனுக்குப் பாய் விரித்திருக்கிறேன்.

இன்றும் வயிறு எரிவது எதற்கென்றால், நான் காசு கொடுத்து வாங்கிய அசல் லைசன்ஸ் அத்தனை நாளும் அதே லேப்டாப்பில்தான் இருந்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களின் லைசன்ஸ் எண்ணை உள்ளே இருக்கும் மதர்போர்டிலேயே பதித்து அனுப்புகிறார்கள். டிஸ்க்கை எத்தனை முறை துடைத்தாலும் அது போகாது. அதே பதிப்பை மறுபடி போட்டால், எண் கேட்காமல் தானாகவே எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் விற்பவற்றில் பெரும்பாலும் ‘ஹோம் சிங்கிள் லேங்குவேஜ்’ என்ற பதிப்பு. வீட்டு வேலைக்கு அது தாராளம்.

இந்த ஜூனில் எதிர் வீட்டுப் பையன் கொண்டுவந்ததிலும் அதே வரி, அதே எக்ஸ்க்ளூஷன். கட்டணம் மட்டும் எண்ணூறு. “ப்ரோ அண்ணா!” என்றான் பெருமையாக.

துடைத்தே ஆகவேண்டும் என்றால் நீங்களே துடைக்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே ‘மீடியா கிரியேஷன் டூல்’ இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு முன் இரண்டு வேலை. வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இணையம் வேண்டும் என்று விண்டோஸ் கேட்கும் இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர்கள். லேப்டாப்போடு ஆஃபிஸ் மென்பொருளும் வந்திருந்தால், அதை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதலில் இணைத்துவிடுங்கள். பெரும்பாலோருக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை. அமைப்புகளில் செயலிகளின் பட்டியலுக்குப் போய் ஒவ்வொன்றாக நீக்கினால் அரை மணி நேரத்தில் வீடு சுத்தம்.

தயாரிப்பாளர் பெயர் உள்ள எல்லாவற்றையும் நீக்குவது

முதல் வீட்டுக்காரர் செய்தது இது. மூன்றாம் நாள், “பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்று வந்தார். பேட்டரியின் ஆயுளைக் காக்க 80-இல் நிறுத்தும் வசதியை இயக்கிவிட்டு, அதைக் கட்டுப்படுத்தும் செயலியைக் குப்பை என்று நீக்கியிருந்தார். லெனோவோவின் வான்டேஜ், ஆசுஸின் மைஆசுஸ் போன்றவை இந்த வகை. டச்பேடு, ஒலி, கிராஃபிக்ஸ் என்று பெயரில் தெரிந்தாலும் தொடாதீர்கள். என்னவென்று புரியாதது ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகட்டும்.

‘நீக்கியாயிற்று’ என்று நம்புவது

2014-இன் பிற்பகுதியில் லெனோவோ தன் லேப்டாப்கள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளைப் போட்டு விற்றது. பாதுகாப்பான இணையத் தொடர்புக்கு நடுவிலும் புகுந்து விளம்பரம் காட்டுவதற்காக, ‘இந்தத் தளம் அசல்தான்’ என்று கணினிக்கு உறுதி சொல்லும் தன் சொந்தச் சான்றிதழ் ஒன்றை அது கணினியில் பதித்துக்கொண்டது. அந்தச் சான்றிதழுக்கு எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசியச் சாவி. அந்தச் சாவியைக் கண்டுபிடித்தவன் யாராக இருந்தாலும் போலி வங்கித் தளத்தை அசல் போலக் காட்டமுடியும். 2015 பிப்ரவரியில் குட்டு உடைந்தது. மென்பொருளை நீக்கியவர்களின் கணினியிலும் சான்றிதழ் அப்படியே இருந்தது. அதைத் தனியாக நீக்க வேண்டியிருந்தது.

சோதனைக்கால வைரஸ் தடுப்பு மென்பொருளை நீக்கும்போதும் மிச்சம் மீதி ஒட்டிக்கொள்வதுண்டு. அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை ஓட்டி, கணினியை அணைத்துப் போட்டு, டிஃபெண்டர் மறுபடி பொறுப்பேற்றுவிட்டதா என்று பாருங்கள். இன்னொன்று இருக்கும்வரை அது ஒதுங்கியே நிற்கும்.

இலவசச் சோதனைக்குக் கார்டு எண் கொடுப்பது

சோதனைக்காலம் முடிந்ததும் கார்டிலிருந்து பணம் தானாகப் போகத் தொடங்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரவேண்டும். வரும். ஆனால் 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காது, நீங்களும் அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்க மாட்டீர்கள்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்

விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள். வேண்டாம்.

இடம் மிச்சம் பிடிக்க ரெக்கவரி பார்ட்டிஷனை அழிப்பது

விண்டோஸ் கெட்டுப்போனால் மீட்பதற்காக டிஸ்க்கில் ஒதுக்கி வைத்திருக்கும் பகுதி அது. நான் செய்தேன். சில ஜிபி மிச்சமானது. பிறகு சில நாட்கள் வீணாயின.

கடைக்காரரின் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்குவது

விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும். மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். அவசரத்துக்குக் கடைக்காரர் தன் கணக்கைப் போட்டால், உங்கள் பிள்ளையின் ப்ராஜெக்ட் பூட்டப்பட்ட நாளில் சாவி அவரிடம். அவர் கடையை மாற்றியிருப்பார்.

எல்லாமே குப்பை என்று நினைப்பது

மூன்றாவது வீட்டுப் பெண் எதையும் தொடாமல் கொண்டுவந்தாள், புண்ணியவதி. உட்கார்ந்து பதினோரு செயலிகளை நீக்கினோம். சீட்டு விளையாட்டில் என் சுட்டி நின்றபோது கையைப் பிடித்துக்கொண்டாள். “அது மட்டும் இருக்கட்டும் அண்ணா. பாட்டி இரண்டு நாளாக ஆடிக்கொண்டிருக்கிறார்.”