கிராம சபைத் தீர்மானப் புத்தகம்: அறிவிப்பு ஒட்டுவது முதல் நகல் கொடுப்பது வரை

கிராம சபையில் மூன்று மணி நேரம் பேசியது ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கும்? தீர்மானப் புத்தகத்தில் எழுதியது மட்டும்தான் இருக்கும். புதிதாக வந்த ஊராட்சிச் செயலாளர்கள், வார்டு உறுப்பினர்கள், ‘நாம் சொன்னதை எழுதினார்களா’ என்று பார்க்க நினைக்கும் வாக்காளர்கள் ஆகியோருக்கான செய்முறை இது. தமிழ்நாட்டு நடைமுறையை மட்டும் சொல்கிறோம்.

1. யார் கூட்டம், எப்போது

ஊராட்சி மன்றக் கூட்டம் வேறு, கிராம சபை வேறு. மன்றத்தில் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் உட்காருவார்கள். கிராம சபையில் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் பிரிவு 3 இதற்கு அடிப்படை. இரண்டு கூட்டங்களின் தீர்மானங்களையும் ஒரே புத்தகத்தில் எழுதாதீர்கள். தணிக்கையில் எது மக்கள் முடிவு, எது மன்ற முடிவு என்று பிரிக்க முடியாமல் போகும்.

வழக்கமான நாட்கள் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் 2022-இல் சேர்ந்தவை. கூட்டுவதும் தலைமை ஏற்பதும் ஊராட்சித் தலைவர். அவர் இல்லாவிட்டால் துணைத் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்திருந்தால் அந்த வேலை அரசு நியமிக்கும் தனி அலுவலருடையது. மேலிருந்து வரும் பற்றாளர் கூட்டத்தைக் கவனிக்க வருபவர், நடத்த வருபவர் அல்ல.

2. அறிவிப்பு

குறைந்தது 7 நாள் முன்னதாக வெளியாக வேண்டும். நாள், நேரம், இடம், கூட்டப் பொருள் என நான்கும் அறிவிப்பில் இருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுவதோடு நிறுத்தினால், அலுவலகம் இருக்கும் தெருவுக்கு மட்டும்தான் செய்தி போகும். ரேஷன் கடை, அங்கன்வாடி, தண்ணீர்த் தொட்டி, ஒவ்வொரு குக்கிராமத்தின் பேருந்து நிறுத்தம் எல்லாவற்றிலும் ஒட்டுங்கள். தண்டோரா போடுவதை 2022-இல் அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம். ஒட்டிய அறிவிப்பைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, நகலோடு கோப்பில் வையுங்கள். ‘எங்களுக்குச் சொல்லவே இல்லை’ என்ற புகாருக்கு அந்தப் படம்தான் பதில்.

இடத்தைக் குக்கிராமங்களுக்குச் சுழற்சியில் மாற்றுங்கள். கோயில், மசூதி, தேவாலய வளாகம் கூடாது. எல்லாச் சாதியினரும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய பொது இடமா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத இடத்தில் கூட்டப்படும் சபை, கையெழுத்து எத்தனை இருந்தாலும், பாதி ஊரின் சபைதான்.

3. வருகைப் பதிவும் கோரமும்

கோரம் என்பது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள். ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். எண்ணிக்கையில் வருவது அந்த ஊராட்சியின் வாக்காளர்கள் மட்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளும் வெளியூர் அலுவலர்களும் கணக்கில் சேரமாட்டார்கள்.

வருகைப் பக்கத்தில் வரிசை எண், பெயர், தெரு, கையெழுத்து என நான்கு கட்டம் போதும். கைநாட்டு வைப்பவர் பெயரைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கோரம் சேரவில்லையா? அதையும் எழுதி, கூட்டத்தைத் தள்ளிவைத்து, மறு தேதியை மீண்டும் அறிவியுங்கள். மறுநாள் வீடு வீடாகப் புத்தகத்தைத் தூக்கிப்போய்க் கையெழுத்து வாங்குவது கோரம் ஆகாது.

4. கணக்கை வாசிப்பது

ஊராட்சியின் வரவு செலவைப் படிவம் 30-இல் தயாரித்துப் படித்துக் காட்ட வேண்டும். பிளக்ஸில் எழுதி மாட்டுவதும் வழக்கம். மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது. எந்தத் தெருவில் என்ன வேலை, எவ்வளவு செலவு என்று பிரித்து வாசியுங்கள். கேள்வி வரத்தான் செய்யும், அதற்குத்தானே கூட்டம்!

5. தீர்மானம் எழுதுவது

பெரும்பாலான புத்தகங்கள் சறுக்குவது இங்கேதான். பக்க எண் அச்சிட்ட, தைத்த புத்தகம் எடுங்கள். உதிரித்தாளில் எழுதிப் பின்னால் ஒட்டாதீர்கள். தீர்மானத்துக்கு எண், பொருள், முடிவு, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர் வேண்டும்.

பயன்படாத தீர்மானம் இப்படி இருக்கும்: ‘தெருவிளக்குப் பிரச்சினை விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது.’ எந்தத் தெரு, எத்தனை விளக்கு, எதை ஏற்றார்கள்? ஒன்றும் தெரியாது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

‘தீர்மானம் எண் 7. வார்டு 3, பள்ளிக்கூடத் தெருவில் எரியாத 6 தெருவிளக்குகளை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து 30 நாட்களுக்குள் மாற்றவும், செலவு விவரத்தை அடுத்த கிராம சபையில் வைக்கவும் தீர்மானிக்கப்பட்டது.’

இடம், எண்ணிக்கை, நிதி, கெடு என நான்கும் இருப்பதால் அடுத்த கூட்டத்தில் ‘ஏழாம் தீர்மானம் என்ன ஆச்சு?’ என்று ஒருவர் எழுந்து கேட்க முடியும்.

பேருந்து விடுவது, மதுக்கடையை மூடுவது போன்றவை ஊராட்சியின் கையில் இல்லை. அவற்றை ‘அரசைக் கேட்டுக்கொள்கிறது’ என்று எழுதி, நகலை உரிய துறைக்கு அனுப்பி, அனுப்பிய தேதியை ஓரத்தில் குறியுங்கள். எதிர்ப்பு வந்தால் அதையும் எழுதுங்கள். ‘ஏகமனதாக’ என்ற சொல் யாரும் மறுக்காதபோது மட்டும்.

தப்பாக எழுதியதை ஒற்றைக் கோட்டில் அடித்துத் தலைவர் சுருக்கொப்பம் இட வேண்டும். வெள்ளை மை தடவிய ஒரு வரி, மற்ற எல்லா வரிகள்மீதும் சந்தேகத்தைக் கொண்டுவரும்.

6. முடிப்பது

எழுதியதை உரக்க வாசித்துவிட்டு, கடைசி வரிக்கு நேர் கீழே கையெழுத்து வாங்குங்கள். இடைவெளி விட்டால் அங்கே இன்னொரு தீர்மானம் முளைக்கும். வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்து, பிறகு எழுத்து என்றால் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். கைப்பேசியில் பக்கங்களைப் படம் எடுக்க யாராவது கேட்டால் விடுங்கள். பின்னால் வரும் பாதிச் சண்டை அதோடு போய்விடும்.

7. நகல்

கேட்ட நகல் கிடைக்காதவர், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 6-இன் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடலாம். மனுக் கட்டணம் 10 ரூபாய். அதற்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். ‘கிராம சபை விவரம் வேண்டும்’ என்று கேட்காமல், ‘இந்தத் தேதியில் நடந்த கூட்டத்தின் வருகைப் பக்கங்கள், தீர்மானம் 1 முதல் கடைசி வரை, படிவம் 30’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.