மலை ஊரின் வாக்குப்பதிவைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

நீலகிரியில் ஒரு ஹட்டியிலோ (படுகர் ஊர்) எஸ்டேட் லயனிலோ (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாக்குப்பதிவு குறைந்துவிட்டால், ஊர்க்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். பட்டியலைப் பெயர் பெயராகப் பார்க்காமல் அந்தப் பழியைச் சுமத்தக்கூடாது.

முதலில் தேவைப்படுவது மூன்று தாள்கள். உங்கள் பாகத்தின், அதாவது உங்கள் பூத்துக்குரிய பகுதியின் வாக்காளர் பட்டியல், பின்னர் சேர்த்த, நீக்கிய பெயர்கள் உள்ள துணைப்பட்டியலோடு சேர்த்து. அடுத்தது படிவம் 20. ஒவ்வொரு பூத்திலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்பது அதில் இருக்கும், தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். மூன்றாவது படிவம் 17சி. வாக்குப்பதிவு முடிந்ததும் பூத் ஏஜெண்டுகளுக்கு இதன் நகலைக் கொடுப்பார்கள், அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். பூத்துக்கு ஒதுக்கப்பட்ட வாக்காளர் எத்தனை பேர், இயந்திரத்தில் பதிவானது எத்தனை என்ற இரண்டும் அதிலேயே இருக்கும்.

பூத் எண்ணை நம்பி இரண்டு தேர்தல்களை ஒப்பிடாதீர்கள். பூத்களைப் பிரித்துச் சேர்க்கும்போது எண் மாறும். பட்டியலின் முதல் பக்கத்தில் உள்ள தெரு, ஊர்ப் பிரிவுகளை வைத்தே பழைய பூத்தையும் புதிய பூத்தையும் பொருத்த வேண்டும்.

படிவம் 20-இல் நோட்டா தனிக் கட்டத்தில் வரும். செல்லத்தக்க வாக்குகளோடு அதையும் கூட்டினால்தான் பதிவான வாக்கு கிடைக்கும். பலர் தவறுவது இங்கேதான். தபால் வாக்கு பூத் வாரியாக வராது, தொகுதி மொத்தமாகவே வரும். 2024-இல் 85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகளும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களித்தார்கள். அதுவும் தபால் வாக்குக் கணக்கில்தான் சேரும். தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர் பணிச் சான்றிதழைக் காட்டி வேறு பூத்தில் வாக்களித்திருந்தால், அந்த வாக்கு அங்கேதான் பதிவாகும். சின்ன ஊரில் பத்துப் பேர் இப்படி விடுபட்டாலே சதவீதம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும்.

இனி வீடு வீடாகச் செல்லும் வேலை. ஊரை நன்றாக அறிந்த இருவர், முடிந்தால் ஒரு பெண்ணும் ஒரு முதியவரும், பட்டியலோடு உட்கார வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறி: ஊரில் இருப்பவர், இறந்தவர், திருமணமாகிப் போனவர், கோவை, திருப்பூரில் வேலை பார்ப்பவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர். வேலைக்குப் போனவர்களை இறந்தவர்களோடு ஒரே கட்டத்தில் போடாதீர்கள். அவர்களில் பலர் பண்டிகைக்கு வருவார்கள், வாக்குக்கும் வரலாம்.

எடுத்துக்காட்டாக, பட்டியலில் 640 பெயர், இயந்திரத்தில் 448 வாக்கு என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 70 சதவீதம். இறந்தவர் 31, நிரந்தரமாகப் போனவர் 44 என்றால் மிச்சம் 565. தபாலிலும் வேறு பூத்திலும் வாக்களித்த 11 பேரைச் சேர்த்தால் வாக்களித்தவர் 459. இப்போது கணக்கு 81.2 சதவீதம். கூடுதலாக ஒருவரும் வாக்களிக்கவில்லை; விடுபட்ட 11 வாக்கு சேர்ந்தது, வகுக்கும் எண் மாறியது, அவ்வளவுதான். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சதவீதங்களை நேராக ஒப்பிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அங்கே வாக்குகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

மீதமுள்ள 106 பேர் ஏன் வரவில்லை? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏஜெண்டுகள் குறித்து வைத்த எண்ணிக்கையைப் பாருங்கள். 2019, 2021, 2024 தேர்தல்கள் மூன்றும் இங்கே ஏப்ரலில் நடந்தன; பச்சைத் தேயிலை மிகுந்து வரும் பருவம் அது. எஸ்டேட் தொழிலாளிக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 135பி பிரிவின்படி சம்பளத்தோடு விடுமுறை உண்டு, தினக்கூலிக்கும் உண்டு. சொந்தத் தோட்டத்தில் பறிக்கும் சிறு விவசாயிக்கு அந்த விடுமுறையால் பயனில்லை. பறித்த இலை அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் யானை நடமாட்டம் உள்ள பாதையென்றால் கடைசி இரண்டு மணி நேரத்தைத் தனியே பாருங்கள். பூத்துக்கான தூரத்தை வரைபடத்தில் அளக்காமல் ஏற்ற இறக்கத்தோடு நடந்தே அளக்க வேண்டும்.

யாருக்கு வாக்கு விழுந்தது என்று பார்க்கும்போது மக்களவைத் தேர்தலை மக்களவைத் தேர்தலோடும் சட்டமன்றத் தேர்தலைச் சட்டமன்றத் தேர்தலோடும் வையுங்கள். பல பூத்களின் சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது தவறு. வாக்குகளைக் கூட்டிவிட்டு வகுக்க வேண்டும். 90 வாக்கு விழும் பூத்தில் ஐந்து வாக்கு மாறினாலே ஐந்தரைப் புள்ளி நகரும், அதை அலை என்று சொல்ல முடியாது. ஹட்டியும் லயனும் ஒரே பூத்தில் இருந்தால் யார் யாருக்குப் போட்டார்கள் என்பது அந்த எண்ணிலிருந்து தெரியாது. இருளர், குறும்பர், பணியர் குடியிருப்புகள் மட்டும் உள்ள சிறு பூத்தின் கட்சி வாரிக் கணக்கைத் தனியாக வெளியிடவே வேண்டாம். பக்கத்து பூத்களோடு சேர்த்து வெளியிடுங்கள். சலுகையை நிறுத்துவேன் என்று மிரட்ட நினைப்பவருக்கு நாமே தாளை நீட்டக்கூடாது.

குறித்து வைத்த பட்டியலோடு, உங்கள் பூத்தின் வாக்காளர் பட்டியலைக் கவனிக்கும் பூத் லெவல் ஆபீசரைப் பாருங்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, நீக்கப் படிவம் 7, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. படிவம் 7-ஐ உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கொடுங்கள். பொய்யான உறுதிமொழிக்குத் தண்டனை உண்டு. வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் தாண்டினால் பெயர் சேர்க்க முடியாது. அதனால் வீடு வீடான இந்த வேலையைத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பே முடித்துவிடுங்கள்.