பழைய டூரிங் மோட்டார் சைக்கிள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வெர்சிஸ் 650, வி-ஸ்ட்ராம் 650, சிபி500எக்ஸ், பிஎம்டபிள்யூ ஜிஎஸ் என எதுவாக இருந்தாலும், பினாங்கில் பழைய டூரிங் (நெடும்பயண) மோட்டார் வாங்க வருபவர் முதலில் கேட்பது, அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையில்லை என்பது என் கருத்து. ஒழுங்காகச் சர்வீஸ் செய்து, பட்டறை ரசீதுகளோடு 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, தஞ்சோங் பூங்கா பக்கம் கடற்காற்றில் ஆண்டுக்கணக்கில் உறை போட்டு நிறுத்தப்பட்டிருந்த 15,000 கிலோமீட்டர் வண்டியைவிடப் பல நேரங்களில் நம்பகமானது. மீட்டரை மாற்றிவிடலாம், கால்மிதி ரப்பரும் கைப்பிடியும் இருக்கையின் ஓரங்களும் தேய்ந்திருக்கும் விதத்தை மாற்றுவது கடினம்.

வண்டியைத் தொடுவதற்கு முன் கெரானை, அதாவது வண்டியின் உரிமைச் சான்றிதழை, கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும், வண்டியின் கழுத்துப் பகுதியிலும் இன்ஜின் உடலிலும் பொறிக்கப்பட்டுள்ள எண்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடமோ புதிய பெயின்டோ தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வங்கிக் கடன் தீராத வண்டியைச் ‘சாம்புங் பாயார்’ முறையில், அதாவது மீதித் தவணையை நீங்கள் கட்டும்படி, தருவதாகச் சொல்பவரிடம் பேச்சை வளர்க்கத் தேவையில்லை. வங்கியின் ஒப்புதல் இல்லாத அந்த ஏற்பாடு சட்டத்திற்குப் புறம்பானது, தவணை தவறினால் வங்கி வண்டியை இழுத்துச் செல்லலாம். வைத்திருப்பது பி2 உரிமம் என்றால் 250 சிசிக்கு மேற்பட்ட வண்டியை நீங்கள் ஓட்ட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

டூரிங் மோட்டாரை உருக்குலைப்பது பெரும்பாலும் பின்னால் ஏற்றிய பாரமே. பக்கப் பெட்டிகள் இரண்டு, மேலே டாப் பாக்ஸ், பின்னிருக்கையில் ஓர் ஆள் என்று கேமரன் மலைக்கும் ஹாட்யாய்க்கும் போய்வந்த வண்டியில், இருக்கைக்கு அடியிலுள்ள பின்சட்டமான சப்ஃபிரேம்தான் அத்தனையையும் தாங்கியிருக்கும். ஆகவே பெட்டிகளைக் கழற்றச் சொல்லி, இருக்கையையும் எடுத்துவிட்டு, கேரியர் போல்ட்டுகள் பிடிக்கும் இடங்களையும் வெல்டிங் இணைப்புகளையும் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் முடிபோன்ற மெல்லிய துருக்கோடு ஓடினால் அது விரிசலாக இருக்கலாம்; ஒரே ஓர் இடத்தில் மட்டும் பெயின்ட் பளபளத்தால் அங்கே மறுபடி பற்றவைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இருக்கையைத் தூக்கிய கையோடு ஒயரிங்கையும் பார்த்துவிடலாம். முந்தைய உரிமையாளர்கள் ஆசை ஆசையாகப் பொருத்திய ஸ்பாட்லைட், யுஎஸ்பி சார்ஜர் ஆகியவற்றின் ஒயர்கள், ஃபியூஸ் இல்லாமல் டேப் சுற்றி நேரே பேட்டரியில் முறுக்கப்பட்டிருப்பது அபூர்வமல்ல.

அடுத்து முன்பக்கம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்பக்கத்தை அழுத்த, முன்சக்கரம் தரையை விட்டு எழும். அப்போது ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேர்க்கோட்டுக்கு வரும் இடத்தில் லேசாகச் ‘சிக்கி’ நின்றால் ஸ்டியரிங் பேரிங் பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது டக்கென்ற சத்தம் வந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஃபோர்க் குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். உப்புக்காற்று அரித்த சிறு குழிகள் இருந்தால், புதிய சீல் போட்டாலும் எண்ணெய் மறுபடி கசியும். ஹேண்டில் முழுதாகத் திரும்பும்போது மோதும் தடுப்புக் கட்டை நசுங்கியிருந்தால், வண்டி பலமாக விழுந்திருக்கக்கூடும்.

செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்விளிம்பில் பிடித்து இழுங்கள். பல் வெளியே தெரியும் அளவுக்கு எழும்பினால் செட்டையே மாற்ற வேண்டும், அந்தத் தொகையை விலையில் குறைக்கக் கேட்கலாம். செயினுக்குப் பதில் சுழல்தண்டால் ஓடும் ஜிஎஸ் போன்ற ஷாஃப்ட் வண்டியில் பின்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், பின்சக்கரத்தைச் சுழற்றும் கியர் பெட்டியான ஃபைனல் டிரைவ் பெருஞ்செலவு வைக்கலாம். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் குறிப்பவை: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். டயரின் பூ (மேற்பரப்புப் பள்ளங்கள்) நன்றாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரோடு மழையில் நெடுஞ்சாலை ஏறக் கூடாது.

இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று தொட்டுப் பார்த்து, குளிர்ந்த நிலையில் உங்கள் கண்முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். வால்வு இடைவெளியைப் பார்த்ததற்கான ரசீதையும் கேளுங்கள். வி-ஸ்ட்ராம் 650க்கு அது 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் வேலை, கூலி அதிகம் என்பதால் தள்ளிப்போட்டு வண்டியை விற்றுவிடுபவர்களும் உண்டு. வோல்ட் மீட்டர் இருந்தால், இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

ஓட்டிப் பார்க்க தெலுக் பஹாங்கிலிருந்து பாலேக் பூலாவ் போகும் வளைவுச் சாலை பொருத்தமானது. நேர்ச்சாலையில் தெரியாத தள்ளாட்டம் அங்கே தெரிந்துவிடும். சாலை வரியும் காப்புறுதியும் நடப்பில் உள்ளனவா என்று பார்த்த பிறகே ஏறுங்கள்.

விலை படிந்தால், வண்டிச் சாவி இரண்டையும் பெட்டிகளின் சாவிகளையும் எண்ணி வாங்கிக்கொண்டு, ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பெயர் மாற்றம் முடிந்த பிறகே முழுத்தொகையைக் கொடுங்கள். பெயர் மாறாத வண்டியோடு தாய்லாந்து எல்லைக்குப் போனால், உரிமையாளரின் அனுமதிக் கடிதத்தைக் கேட்டுச் சாவடியிலேயே நிறுத்திவிடுவார்கள்.