டை-காஸ்ட் போர் விமான மாடல்களை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தாம் புதிதாக வாங்கிய டை-காஸ்ட் மாடலை, அதாவது உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த 1:72 அளவிலான ஜப்பானிய ஸீரோ விமானத்தை, என் மேசைமீது வைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதன் குறியீடுகளும் வெளிர் சாம்பல் வண்ணமும் 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரைத் தாக்கச் சென்ற விமானத்துக்கு உரியவை. வண்ணப்பூச்சில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஸ்கேலை வைத்து இறக்கையின் முழு நீளத்தை அளந்தபோது 153 மி.மீ. தான் வந்தது. பேர்ல் ஹார்பருக்குச் சென்ற ஏ6எம்2 வகையின் இறக்கை 12 மீட்டர். 72-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 167 மி.மீ. இருக்க வேண்டும். 153 மி.மீ. என்பது 11 மீட்டர் இறக்கையுடன் 1943-இல் வந்த ஏ6எம்5 வகைக்குரிய அளவு. இயந்திர மூடியின் ஓரத்தில் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருந்த புகைபோக்கிக் குழாய்களும் அதையே உறுதிப்படுத்தின. அவர் முகம் வாடியதைப் பார்த்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் இதே இடத்தில் சறுக்கியது நினைவுக்கு வந்தது. இதை எழுதத் தூண்டியதும் அதுதான்.

உடைந்த ஆண்டெனா, கிழிந்த பெட்டி, காணாமற்போன தாங்கி போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவை யார் கண்ணுக்கும் படும். பார்த்தும் படாமல் போகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

வார்ப்பு அச்சைப் பார்க்காமல் வண்ணத்தைப் பார்ப்பது

புதியவர்கள் செய்யும் தவறுகளில் பணத்தையும் மனத்தையும் மிக அதிகமாகக் கெடுப்பது இதுதான். உலோகத்தை வார்ப்பதற்கான எஃகு அச்சைச் செதுக்குவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை. அந்தச் செலவை மீட்க, தயாரிப்பாளர்கள் ஓர் அச்சிலிருந்து பத்துப் பதினைந்து வெவ்வேறு வண்ண அமைப்புகளில் விமானங்களை வெளியிடுகிறார்கள். அவை எல்லாம் ஒரே உள்வகையைச் சேர்ந்தவையாக இருக்கும்வரை அதில் தவறேதும் இல்லை. ஒரு வகையின் அச்சில் வார்த்த உடலுக்கு வேறொரு வகையின் குறியீடுகளை அச்சிட்டு, பெட்டியின்மேல் அந்த வேறொரு வகையின் பெயரைப் போட்டு விற்கும்போதுதான் வாங்குபவர் ஏமாறுகிறார்.

என் கதையைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் அரச விமானப்படையின் 234ஆம் ஸ்குவாட்ரன், நன்கொடையை முன்னிட்டுச் சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிய படைப்பிரிவுகளுள் ஒன்று. 1940-இல் பிரிட்டன் வான்போரில் அது ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் முதல் வகையான மார்க் 1 விமானங்களை ஓட்டியது. விமானங்களின் பக்கவாட்டில் ஏ.இஸட். என்ற எழுத்துகள் இருக்கும். நம் ஊரின் பெயரோடு ஒட்டிய ஒரு ஸ்பிட்ஃபயர் என்னிடம் இருக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசைப்பட்டு, மூன்று மாதம் பணம் சேர்த்து ஒன்றை வாங்கினேன். எழுத்துகள் கூர்மையாக இருந்தன. வட்டச் சின்னத்தின் மஞ்சள் விளிம்பு சிறிதும் விலகாமல் அச்சாகியிருந்தது. இறக்கையின் முன்விளிம்பில், துப்பாக்கித் துளைகளை மூடும் எட்டுச் சிவப்புத் துணி ஒட்டுகளும் இருந்தன. வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து லண்டன் சென்றபோது, இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் நடுமண்டபத்தில் தொங்கும் ஆர்6915 என்ற ஸ்பிட்ஃபயர் மார்க் 1-இன் கீழே நின்றேன். அது 609ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது. 1940 ஆகஸ்டில் 234ஆம் ஸ்குவாட்ரனும் 609-உம் மிடில் வாலப் என்ற ஒரே தளத்திலிருந்து பறந்தன. உயரத்தில் தொங்குவதால் அதன் அடிவயிறு முழுவதையும் பார்க்க முடிகிறது. விமானியின் வலக்கைப் பக்க இறக்கையின் கீழே பெட்டி வடிவில் பெரிய ரேடியேட்டர் இருக்கிறது. இடக்கைப் பக்கம் அதைவிட மிக ஒல்லியான, அரைவட்ட முகம் கொண்ட எண்ணெய்க் குளிர்விப்பான் இருக்கிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் தட்டியது.

வீடு திரும்பியதும் மாடலைக் கவிழ்த்து விளக்கின்கீழ் பிடித்தேன். இடப்பக்க எண்ணெய்க் குளிர்விப்பானின் முகம் முழு வட்டமாக, பருமனாக இருந்தது. 1941-இல் வந்த மார்க் 5 விமானங்களில்தான் பெரும்பாலும் அந்த வடிவம் காணப்படும். பிறகு நிமிர்த்தி, இறக்கையின் மேற்பரப்பில் விளக்கொளி சாய்வாக விழும்படி திருப்பினேன். 20 மி.மீ. பீரங்கியின் தோட்டா உருளைக்கு இடம் கொடுக்கும் புடைப்பு இரு பக்கமும் மெல்ல எழுந்து நின்றது. எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே கொண்ட இறக்கைக்கு அந்தப் புடைப்பு தேவையே இல்லை. அதாவது, பீரங்கி இறக்கையில் பீரங்கிக் குழாய்களை மட்டும் நீக்கிவிட்டு, எட்டுத் துப்பாக்கி இறக்கையின் சிவப்பு ஒட்டுகளை மேலே மையால் அச்சிட்டிருந்தார்கள். பொருளே பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஓராண்டாக அதைப் படிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கும் காலமும் கடந்திருந்தது. தயாரித்தவர்களுக்கு எழுதினேன், பதில் வரவில்லை. இன்றும் பெட்டியின் மேல் 'துல்லியமானது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

1940 கோடையில் பீரங்கி பொருத்திய ஸ்பிட்ஃபயர்கள் பறக்கவில்லையா என்று யாரேனும் கேட்கலாம். பறந்தன, 19ஆம் ஸ்குவாட்ரன் அவற்றைப் போரில் சோதித்தது. சுடும்போது பீரங்கிகள் அடிக்கடி அடைத்துக்கொண்டதால் செப்டம்பரில் மீண்டும் எட்டுத் துப்பாக்கி விமானங்களுக்கே அது திரும்பியது. 234-க்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

ஆகவே மாடலைக் கையில் எடுத்ததும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். ஸ்பிட்ஃபயராக இருந்தால் இரு இறக்கைகளின் கீழேயும் ஒரே அளவில் பெட்டிகள் இருந்தால் அது மார்க் 9 போன்ற பிற்கால அச்சு. அதற்கு நான்கு அலகுப் புரொப்பெல்லரும், பக்கத்துக்கு ஆறு புகைபோக்கிகளும், நீண்ட மூக்கும் இருக்கும். மார்க் 1-இன் நீளம் 9.12 மீட்டர், மாடலில் ஏறத்தாழ 127 மி.மீ.; மார்க் 9 அதைவிட ஐந்து மி.மீ. அளவுக்கு நீளும். ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்றால் வாலின் கிடை இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பிகளைத் தேடுங்கள். ஈ வகையில் அவை உண்டு, இறக்கை முனையும் வெட்டியதுபோல் சதுரமாக இருக்கும். எஃப் வகையில் கம்பிகள் நீங்கி, முனைகள் வளைந்துவிட்டன. ஜி-6 வகையில் விமானி அறைக்கு முன்னால் இரு பக்கமும் பெரிய புடைப்புகள் வந்துவிட்டன. அமெரிக்க மஸ்டாங் பி-51டி என்றால் வாலுக்கு முன்னால் முதுகில் சிறு துடுப்புபோன்ற சரிவு இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த முதல் தொகுதிகளில் அது கிடையாது.

உருவம் சரியென்று உறுதியான பிறகே வண்ணத்துக்கு வாருங்கள். அங்கும் தேதி முக்கியம். ஸ்பிட்ஃபயரின் வால்பகுதியைச் சுற்றியிருக்கும் வெளிர்பச்சைப் பட்டையும் அதே நிற மூக்குக் கூம்பும் 1940 நவம்பர் இறுதியில்தான் வந்தன. ஆகஸ்ட் மாதச் சண்டை என்று பெட்டியில் எழுதி, பட்டையையும் பூசியிருந்தால் இரண்டில் ஒன்று தவறு.

ஆழமான கோடுகளை நுணுக்கம் என்று நினைப்பது

தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள் ஆழமாகவும் ரிவெட்டுகள் புள்ளி புள்ளியாகவும் தெரிந்தால், நல்ல வேலைப்பாடு என்று புதியவர்கள் மகிழ்கிறார்கள். 1:72 அளவில் 0.3 மி.மீ. அகலக் கோடு, உண்மையான விமானத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி. அப்படிப்பட்ட விமானம் பறந்திருக்காது.

மஸ்டாங்கில் இது இன்னும் பெரிய பிழையாகிறது. காற்று இறக்கைமீது சீராக வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக, இறக்கையின் முன்பகுதியில், ஏறத்தாழ நாற்பது விழுக்காடு பரப்பில், தகட்டு இடுக்குகளையும் ரிவெட் தலைகளையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, வெள்ளி வண்ணம் பூசி அனுப்பினார்கள். உடல் பகுதி மட்டும் பூச்சில்லாத உலோகமாகப் பளபளக்கும். இறக்கை அதைவிட மங்கலாக, தட்டையாகத் தெரியும். நல்ல மாடலில் இந்த இரண்டு வெள்ளிகளும் வேறுவேறாக இருக்கும். இறக்கையின் முன்பாதியில் கோடுகளே இல்லாத மாடலைக் 'குறைபாடு' என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரிவெட் நிறைந்த ஒன்றை அதைவிட அதிக விலைக்கு வாங்கிவந்தவரை எனக்குத் தெரியும்.

இன்று பறக்கும் விமானத்தைச் சான்றாகக் கொள்வது

காட்சிகளில் இன்று பறக்கும் மஸ்டாங்குகள் பலவற்றின் இறக்கைகள் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டிருக்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் அன்போடு பேணுகிறார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் 1944-இன் நிலையை அறிய 1944-இல் எடுத்த படம்தான் வேண்டும்.

அந்தப் படத்தையும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். அக்காலத்தில் வழக்கில் இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருள் சிவப்பை உணராது, மஞ்சளையும் மிகக் குறைவாகவே உணரும். எனவே வட்டச் சின்னத்தின் மஞ்சள் விளிம்பு கறுப்பாகவே பதிவாகிவிடும். மஞ்சள் விளிம்பே இல்லை என்று அத்தகைய படத்தைக் காட்டி வாதிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எடையை வைத்துத் தரத்தைச் சொல்வது

துத்தநாகக் கலவையில் வார்த்த எதுவும் கையில் கனக்கும்.

திறந்து மூடும் பாகங்களை எண்ணுவது

ஒவ்வொரு மூடியும் ஓர் இடுக்கு. இயந்திர மூடி கழலும் மாடல்களில், பொருத்திய பிறகு விமானத்தின் மூக்கைச் சுற்றி முடி நுழையும் அளவுக்குச் சந்து தெரிகிறதா என்று பாருங்கள். ஸ்பிட்ஃபயரில் இறங்கிய நிலையில் ஃப்ளாப்புகளை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் தகடுகளை) பொருத்திக் கொடுப்பதையும் சிறப்பு என்று எண்ண வேண்டாம். தரையிறங்கியவுடன் அவற்றை மேலே மடக்கிவிடுவதே விமானிகளின் வழக்கம் என்பதால், நிறுத்தப்பட்ட ஸ்பிட்ஃபயரில் அவை கீழிறங்கியிருப்பது அரிது. மஸ்டாங்கில் நிலைமை நேர்மாறு: இயந்திரம் நின்று திரவ அழுத்தம் குறையக் குறைய, சக்கரக் குழியின் உட்கதவுகள் தாமாகவே தொங்கிவிடும். தரையில் நிற்கும் மஸ்டாங்கின் கதவுகள் தொங்கினால் அது பிழையன்று.

ஒழுங்கான கோடுகளை நம்புவது

நார்மண்டி தரையிறக்கத்துக்கு உரிய கறுப்பு வெள்ளைப் பட்டைகள் வாங்குபவர்களை மிகவும் கவர்கின்றன. ஒற்றை இயந்திர விமானத்தில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குலம். 1:72-இல் ஆறு மி.மீ.க்குச் சற்று மேல். வெள்ளையில் தொடங்கி வெள்ளையில் முடியும் ஐந்து பட்டைகள். இவற்றை 1944 ஜூன் 6-க்கு ஓரிரு நாள் முன்னதாகத்தான், தளங்களில் இருந்தவர்கள் கையில் கிடைத்த தூரிகையால் அவசர அவசரமாகப் பூசினார்கள். அந்நாளைய படங்களில் விளிம்புகள் நெளிந்தும், எழுத்துகளைச் சுற்றி ஒதுங்கியும், சில இடங்களில் வழிந்தும் தெரிகின்றன. என்னிடமுள்ள மார்க் 9 ஒன்றில், இடப்பக்கம் மூன்றாம் பட்டையின் ஓரம் எண்ணுக்கு அருகே அரை மி.மீ. வளைந்து செல்கிறது. வண்ண அச்சு விலகிவிட்டது என்று நினைத்து விற்றவர் விலையைக் குறைத்துக் கொடுத்தார். அந்த விமானத்தின் உண்மையான படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதே இடத்தில் அதே வளைவு இருந்தது.