கச்சேரிக்குப் போற பேஸ்: எதை வாங்கணும், மேடையில எப்படி வெக்கணும்

கன்னியாகுமரி மாவட்டத்துல மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் புதுசா பேஸ், அதாவது அடிச்சத்தம் குடுக்குற பேஸ் கிட்டார், வாசிக்க வர்ற பசங்க எங்கிட்ட முதல்ல கேக்குறது, "அண்ணா, எத்தன வாட்ஸ் ஆம்ப் எடுக்கணும்?"னு தான். ஆம்ப்னா சத்தத்த ஏத்துற ஆம்ப்ளிஃபையர். அந்தக் கேள்விக்கு நான் திருப்பிக் கேக்குறது, நீ எங்க வாசிக்கப் போறே? சர்ச் கொயர், கன்வென்ஷன், கோயில் கொடை, கல்யாண ரிசப்ஷன், களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள்ள போனா பாறசாலை நெய்யாற்றின்கரை பக்கம் உற்சவத்துக்கு கானமேளாங்கிற பாட்டுக் கச்சேரி. இதுல முக்காவாசி இடத்துல சவுண்ட் செட்காரங்க பெரிய ஸ்பீக்கர் பாக்ஸும், அடிச்சத்தத்துக்குன்னு உள்ள சப்வூஃபரும் இறக்கிடுவாங்க. ஜனங்க கேக்குற பேஸ், எல்லா சத்தத்தையும் சேத்து அனுப்புற மிக்ஸர்ல இருந்து போறது. நீங்க தூக்கிட்டுப் போற ஆம்ப் உங்க காதுக்கும் டிரம்ஸ்காரர் காதுக்கும் தான். இத மனசுல வெச்சுட்டு காச பிரிச்சீங்கன்னா பாதி தப்பு தானா குறைஞ்சிரும், முதல்ல நல்ல செட்டப் உள்ள பேஸ், அப்புறம் மிக்ஸருக்குச் சுத்தமா போற லைன், ஆம்ப் மூணாவது.

பேஸ்ல ரெண்டு தாய் வகை. 1951ல வந்த ஃபெண்டர் பிரெசிஷன், 1960ல வந்த ஜாஸ் பேஸ். இன்னைக்குக் கடையில தொங்குறதுல நிறைய இந்த ரெண்டுல ஒண்ணோட வம்சம் தான். பிரெசிஷன்ல ரெண்டா வெட்டின ஒரே பிக்கப் (கம்பி அதிர்வ மின்சாரமா மாத்துற காந்தச் சுருள்), அது 1957ல இருந்து வர்ற அமைப்பு, இரைச்சல தானே அடிச்சிக்கும், ஒரு வால்யூம் ஒரு டோன், குழப்பமே இல்ல, கூட்டு வாத்தியத்துக்கு நடுவுல தடிமனா நிக்கும். ஜாஸ்ல ரெண்டு பிக்கப், நெக் (கம்பி ஓடுற கழுத்து) ஒல்லி, சின்னக் கைக்கு சுகம், ஆனா ரெண்டு வால்யூமும் ஒரே அளவுல இருந்தாத்தான் இரைச்சல் அடங்கும், ஒண்ண குறைச்சா "ம்ம்"னு இழுக்க ஆரம்பிக்கும். திருவிழா மேடை சுத்தி சீரியல் லைட்டும் டிம்மரும் இருக்கும்போது அது எவ்வளவு கேக்கும்னு ஒரு தடவ வாசிச்சா தெரிஞ்சிரும். சர்ச்சுக்கும் கானமேளாவுக்கும் ஒரே ஒரு பேஸ் தான்னா நான் பிரெசிஷன் மாதிரி ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு வகை பிக்கப்பும் சேர்ந்த பேஸ் தான் எடுக்கச் சொல்லுவேன்.

நாலு கம்பியா அஞ்சு கம்பியா? நம்ம ஊர்ல இதுக்கு ஒரு காரணம் இருக்கு. பாடுறவங்க மேடை ஏறின பிறகு சுருதிய மாத்துவாங்க, காலைல ஈ, சாயங்காலம் தொண்டை கட்டினா ஈ ஃப்ளாட், இல்ல டி. நாலு கம்பியில கடைசி ஈ 41 ஹெர்ட்ஸ், அதுக்குக் கீழ போக வழியில்ல, மேல ஏறித்தான் வாசிக்கணும், பாட்டு மெலிஞ்சு போகும். அஞ்சு கம்பியில கூடுதலா வர்ற லோ பி கம்பியில நாலாவது ஃப்ரெட் (நெக்குல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை) ஈ ஃப்ளாட், மூணாவது டி, கை இருந்த இடத்துலயே இருக்கும். அதுக்குன்னா அஞ்சு கம்பி வாங்குங்க, பூமி அதிரணும்னா வேண்டாம். அந்தத் திறந்த பி 31 ஹெர்ட்ஸ் கிட்ட, வாடகைக்கு வர்ற பாக்ஸ் நிறையதுல அந்த அடிச்சத்தம் வராது, அதுக்கு மேல கூடவே எழும்புற 62, 93 ஹெர்ட்ஸ் தான் காதுக்கு எட்டும். விலை குறைஞ்ச அஞ்சு கம்பியில பி கம்பி நூல் மாதிரி தொளதொளன்னு இருக்கும், கடையிலயே அத அழுத்தி அடிச்சுப் பாருங்க. சாதாரண ஸ்கேல், அதாவது கம்பி அதிர்ற நீளம், 34 இஞ்ச், 35 இஞ்ச்ல பி கொஞ்சம் விறைப்பா நிக்கும்.

கடையில பாக்குறத கொஞ்சம் விரிவா சொல்லுதேன், அங்க தான் எல்லாரும் அவசரப்படுறாங்க. ஆம்ப்ல சொருகுறதுக்கு முன்னாடி வெறுமனே மடியில வெச்சு ஒரு கம்பிய அடிங்க, உடம்பு நெஞ்சுல அதிருதான்னு பாருங்க. பேஸ திருப்பி தலைப்பக்கத்துல இருந்து நெக்க ஒரு கண்ணால பாருங்க, முறுக்கு இருந்தா ஒரு ஓரம் ஏறியும் ஒரு ஓரம் இறங்கியும் தெரியும், அத எந்த டெக்னீஷியனாலயும் லேசுல சரி பண்ண முடியாது, கீழ வெச்சிட்டு அடுத்தத எடுங்க. ஜி கம்பியில முதல் ஃப்ரெட்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா இருபது வரைக்கும் வாசிங்க, நடுவுல ஒரு நோட் மட்டும் செத்துப் போச்சுன்னா, இல்ல ரெண்டு ஃப்ரெட் ஒரே சத்தம் குடுத்துச்சுன்னா ஒரு ஃப்ரெட் தூக்கி இருக்குன்னு அர்த்தம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல லேசா தொட்டு வர்ற மணிச்சத்தமும் அங்கயே அழுத்தி வாசிக்கிற நோட்டும் டியூனர்ல ஒண்ணா நிக்கணும். அப்புறம் சொருகி வால்யூம திருகுங்க, கரகரன்னு வந்தா உள்ள தூசி, ஜாக்க ஆட்டினா விட்டு விட்டு வந்தா அது மேடையில கண்டிப்பா கழுத்தறுக்கும். கடைசியா ஸ்ட்ராப் போட்டு நின்னு கைய விடுங்க, தலை தரைய பாத்து விழுதா? ரெண்டு மணி நேர கச்சேரியில இடது கை அந்தத் தலைய தூக்கிப் பிடிக்கிற வேலையையும் செய்யணும், அதுலயே தோள் போயிரும்.

ஆக்டிவ் பேஸ்னா உள்ளயே சிக்னல ஏத்துற சின்ன சர்க்யூட்டும் அதுக்கு 9 வோல்ட் பேட்டரியும் இருக்கும், ஜாக்ல வயர் சொருகி இருக்கிற வரைக்கும் அது கரையும், வாசிச்சாலும் வாசிக்காட்டாலும். கழட்டி வெச்சாத்தான் நிக்கும். சீசன் ஆரம்பிக்கும்போது புதுசு போட்டு இன்னொண்ண பையில வைங்க.

நமக்கு ரெண்டு மழையும் உண்டு, குளச்சல் முட்டம் பக்கம்னா உப்புக்காத்தும் சேரும். நெக் மரம், அது ஈரத்துக்கு அசையும். முதல் ஃப்ரெட்லயும், நெக் உடம்போட சேர்ற இடத்து ஃப்ரெட்லயும் ஒரே கம்பிய அழுத்திப் பிடிச்சா நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற இடைவெளி, அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இருக்கணும். கூடிப் போச்சுன்னா நெக்குக்குள்ள ஓடுற இரும்புக் கம்பியான ட்ரஸ் ராட இறுக்கணும், கால் திருகு தான், அதுக்கு மேல ஒரே நாள்ல வேண்டாம், மறுநாள் பாத்துட்டு அடுத்தது. கம்பிய வாசிச்சு முடிச்சதும் துணியால துடைங்க, அடிப்பக்கமும். இவ்வளவு தான் பராமரிப்பு, ஆனா இத செய்யுற ஆளோட மலிவு பேஸ், செய்யாத ஆளோட விலை கூடின பேஸ விட நல்லா கேக்கும்.

இனி வாட்ஸ். 100 வாட்ஸ்ல இருந்து 200க்குப் போனா கூடுறது 3 டெசிபெல், காதுக்கு "கொஞ்சம் ஏறிச்சு"ங்கிற அளவு. ரெண்டு மடங்கு சத்தமா தோணணும்னா பத்து மடங்கு வாட்ஸ் வேணும். ஆனா கீழ்ஸ்தாயிக்கு மத்த வாத்தியத்த விட நிறைய பவர் தேவ, அதனால வீட்டுல நல்லா இருக்கிற 40 வாட்ஸ் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில உள்ளது) டிரம்ஸ் பக்கத்துல மூச்சு முட்டும். கொயருக்கும் தபலா பேட் வெச்ச சின்ன கச்சேரிக்கும் 100 வாட்ஸ் காம்போ போதும், ஃபெண்டர் ரம்பிள் 100 மாதிரி ஒரு 12 இஞ்ச் ஸ்பீக்கரோட 10 கிலோ அளவுல வர்றது, பஸ்ல மடியில வெச்சே போயிரலாம். நிஜ டிரம்ஸ், எலக்ட்ரிக் கிட்டார் எல்லாம் இருக்கிற பேண்டுன்னா 300ல இருந்து 500 வாட்ஸ் கிளாஸ் டி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத, லேசான ஆம்ப் மட்டும்), அதுவும் மூணு கிலோவுக்குள்ள தான் வருது. 1969ல வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட்ஸ் வால்வு ஆம்ப், அதுக்கு எட்டு 10 இஞ்ச் ஸ்பீக்கர் உள்ள கேபினெட், கேபினெட் மட்டுமே 60 கிலோவுக்கு மேல. பெரிய மேடையில பேஸ மிக்ஸர் வழியா ஜனங்களுக்கு அனுப்பாத காலத்து தேவை அது. அந்த சத்தம் எனக்கு உயிர், ஆனா குழித்துறை ஸ்டேஷன் படியில அத ஏத்தணும்னா நாலு பேர் வேணும்.

கேபினெட்ல, சுருக்கமா கேப், நான் சொல்றது ரெண்டு சின்னது, ஒரு பெருசு இல்ல. 8 ஓம் (மின்தடை அளவு) உள்ள ஒரு 1x12, அதாவது ஒரு 12 இஞ்ச் ஸ்பீக்கர் உள்ளது, முதல்ல, காசு சேர்ந்ததும் அதே மாடல் இன்னொண்ணு. சின்ன இடத்துக்கு ஒண்ணு, பெரிய மைதானத்துக்கு ரெண்டு. ரெண்டு 8 ஓம் சேந்தா 4 ஓம் ஆகும், கூடாது குறையும், இது தான் எல்லாரையும் குழப்புறது. உங்க ஹெட் பின்னால "குறைஞ்சது 4 ஓம்"னு போட்டிருந்தா அதோட நிறுத்திக்கணும், மூணாவது கேப்ப சொருகினா 2.7 ஓமுக்கு இறங்கிரும், ஹெட் சூடேறி அணையும், இல்ல கருகும். வால்வு ஆம்புக்கு நேர் எதிர் பயமும் உண்டு, கேபினெட் சொருகாம ஆன் பண்ணவே கூடாது. 500 வாட்ஸ் ஹெட் 8 ஓம் ஒரே கேப்புல பாதிக்குக் கொஞ்சம் மேல தான் குடுக்கும், ஆனா வித்தியாசம் 2, 3 டெசிபெல் தான். அதே கேப் இன்னொண்ணு சேர்த்தா வர்ற கனம் அத விட அதிகம்.

ஹெட்டுக்கும் கேப்புக்கும் நடுவுல போடுற வயர் ஸ்பீக்கர் வயர், கிட்டார் வயர் கிடையாது. முனை ஒரே மாதிரி இருக்கும், உள்ள ஒண்ணு இல்ல. இத நான் பட்டு சொல்லுதேன். ஒரு சர்ச் பெருநாளுக்கு ஸ்பீக்கர் வயர வீட்டுல விட்டுட்டுப் போயி, அவசரத்துக்கு நீளமான கிட்டார் வயர சொருகினேன். நாலாவது பாட்டுல வயர் மேல காலு பட்டப்போ சூடு, ரப்பர் வாசன, பாட்டு நடுவுல ஆம்ப் செத்துப் போச்சு. கிட்டார் வயர்ல உள்ள கம்பி நூல் கணக்கா மெல்லிசு, அவ்வளவு கரண்ட தாங்காது. அன்னைக்கு மிக்ஸர் லைன் தனியா போனதால ஜனங்களுக்குப் பேஸ் கேட்டுச்சு, எனக்குத் தான் ஒண்ணும் கேக்கல, மிச்ச ஆராதனைய டிரம்ஸ்காரர் கால பாத்தே வாசிச்சேன். வாங்கும்போதே ஸ்பீகான் முனை உள்ளதா வாங்கிட்டா இந்தக் குழப்பத்துக்கே இடமில்ல, கிட்டார்ல அது நுழையாது, திருகி பூட்டிக்கும்.

மேடையில வெக்கிற விதம் ஆம்ப விட முக்கியம். தரையில வெச்ச கேப் உங்க முட்டிக்கு வாசிக்கும், காதுக்கு இல்ல. உங்களுக்கு சரியா கேக்கலேன்னு நீங்க ஏத்துவீங்க, பத்தடி தள்ளி நிக்கிறவருக்கு இடி மாதிரி விழும், ஸ்பீக்கரோட மேல்சத்தம் நேரா உங்க முட்டியத் தாண்டிப் போயி அவர் காதுல தான் ஏறும். நம்ம ஊர் திருவிழா மேடைன்னா பீப்பாய் மேல பலக அடிச்சு பாய் விரிச்சது, உள்ள பூரா காலி, அதுவே ஒரு பெரிய டிரம். கேப்ப அதுமேல வெச்சா ஏ நோட்டு மட்டும் பூதம் மாதிரி எழும்பும், மத்தது அமுங்கும். நான் போன உடனே சண்டே ஸ்கூல் பெஞ்ச் ஒண்ணு கேட்டு வாங்குவேன், அகலமான ஆடாத பெஞ்ச், அதுமேல நல்ல தடிச்ச ஃபோம் ஒரு துண்டு, அதுமேல கேப். ஸ்பீக்கர் இடுப்புக்கு மேல வந்திரும், பலக நடுக்கம் பாதி நின்னுரும், வால்யூம் கால் பங்கு இறங்கும். மூலையில தள்ளாதீங்க, மூலை அடிச்சத்தத்த ஊதிப் பெருக்கும்.

டோனுக்கு வாங்க. வீட்டுல தனியா வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் ஏத்தி நடுவ இறக்கினா தேனா இருக்கும், கூட்டத்துல அது காணாமப் போகும். பேஸ் எந்த நோட்டுன்னு காதுக்குச் சொல்றது 200ல இருந்து 800 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள நடுப்பகுதி. எல்லா திருகையும் நேரா வெச்சு ஆரம்பிங்க, கேக்கலேன்னா வால்யூம தொடாம மிட், அதாவது அந்த நடுப்பகுதி, கொஞ்சம் ஏத்துங்க. 30, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுற ஹை பாஸ் இருந்தா போடுங்க, ஸ்பீக்கர் சும்மா ஆடுறது நிக்கும். அப்புறம் கீபோர்டுக்காரர் கிட்ட அன்பா பேசணும், தனியா வாசிச்சுப் பழகின கை இடது பக்கம் பேஸ் நோட்டு போட்டுட்டே இருக்கும், உங்களோட மோதி ரெண்டும் சேறாகும். "அண்ணே, பேஸ் நான் பாத்துக்கிடுதேன், இடது கைய ஒரு ஆக்டேவ் மேல வெக்கியளா"ன்னு கேட்டா யாரும் கோவிச்சதில்ல. கான்கிரீட் கூரை உயரமா இருக்கிற சர்ச்ல நோட்ட இழுக்காம வெட்டி வெட்டி வாசிங்க, எதிரொலி மிச்சத்த நிரப்பிக்கும்.

மிக்ஸருக்குப் போறது டிஐ வழியா, அது பேஸ் சிக்னல மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற சின்னப் பெட்டி. எல்லை தாண்டினா நான் முதல்ல கேக்குறதே, "சேட்டா, டிஐ உண்டோ?" "உண்டு மோனே, ஒண்ணு, அது கீபோர்டினா." அதனால சொந்தமா ஒண்ணு பையில இருக்கணும், ஆம்ப வாங்குறத தள்ளிப் போட்டாவது டிஐ வாங்குங்க. பேட்டரி இல்லாத பாஸிவ் பேஸுக்கு ஆக்டிவ் டிஐ, அதுக்கு மிக்ஸர்ல இருந்து வயர் வழியாவே வர்ற 48 வோல்ட் ஃபாண்டம் பவர் போடச் சொல்லணும், இல்ல உள்ள பேட்டரி. ஆக்டிவ் பேஸுக்கு பாஸிவ் டிஐ போதும். ஆம்போட பின்னால டிஐ இருந்தா ப்ரீ, போஸ்ட்னு சுவிட்ச் இருக்கும், ப்ரீல வைங்க, அப்போ தான் நீங்க மேடைக்காக மிட் திருகினா வெளிய போற சத்தம் மாறாது, சவுண்ட்காரர் உங்கள சபிக்க மாட்டார். "ம்ம்"னு இரைஞ்சா டிஐயில உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச தட்டிப் பாருங்க.

இரைச்சல் போகணும்னு பிளக்கோட எர்த் காலை உடைக்கிற ஆளுங்கள நான் பாத்திருக்கேன். தயவுசெஞ்சு செய்யாதீங்க. ஜெனரேட்டர்ல ஓடுற மேடை, மழ பெஞ்ச பாய், வேர்த்த கை கம்பியில, உதடு மைக்குல, மைக்குக்கும் ஆம்புக்கும் வேற வேற லைன், எர்த் இல்ல, இதுல ஆள் போயிருவாங்க. உங்க ஆம்பும் மிக்ஸரும் ஒரே லைன்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க, பாடுறதுக்கு முன்னாடி மைக் வலைய டெஸ்டர் வெச்சு தொடுங்க, டெஸ்டர் எரிஞ்சா எர்த்த பாக்காம வாசிக்க மாட்டேன்னு சொல்லுங்க, கமிட்டிக்காரர் மணிய காட்டினாலும் சரி. வெளிநாட்டுல இருந்து மாமா கொண்டு வந்த ஆம்ப் 120 வோல்ட்டான்னும் பாக்கணும், நம்ம லைன் 230, மாத்துற சுவிட்ச் இருந்தா ஆன் பண்றதுக்கு முன்னாடி மாத்துங்க.

பையில ஸ்பீக்கர் வயர் ரெண்டு, கிட்டார் வயர் ரெண்டு, டிஐ, பேட்டரி, ஒரு செட் கம்பி, ஆலன் கீ, டெஸ்டர், துணி, பெரிய பிளாஸ்டிக் ஷீட். ஷீட்ட மறக்காதீங்க, சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் அடிச்சா ஏழு மணிக்கு மழ ஊத்துற ஊரு நம்மது, கேப்போட முன்பக்கம் காகிதக் கோன், நனைஞ்சா போச்சு. மழ தூறினா முதல்ல பவர அணைச்சு பிளக்க எடுங்க, அப்புறம் ஷீட்ட போட்டு மூடுங்க.